ரெசிடென்சி ஆலோசனை பேக்கேஜ்: மாக் இண்டர்வியூ ஒன்றுக்குத்தான் காசு கொடுக்கலாம்

அமெரிக்காவில் ரெசிடென்சி (சிறப்புத் துறைப் பயிற்சி) இடங்களுக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கு, அதாவது நம் ஐஎம்ஜி கூட்டத்துக்கு, ஆலோசனை விற்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றின் ‘முழு சீசன்’ பேக்கேஜை 2025 மேட்சுக்காக (விண்ணப்பதாரர்களையும் பயிற்சி இடங்களையும் கணினி பொருத்திவிடும் ஆண்டு முறை அது) 1,850 டாலர் கட்டி வாங்கினேன். மேட்ச் ஆகிவிட்டது. பேத்தாலஜி (நோயியல்), நான்கு வருடம், ஜே-1 விசா. ஆகவே வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களால்தான் மேட்ச் ஆனேன் என்று அவர்கள் விளம்பரத்தில் சேர்த்துக்கொள்வதையும் ஏற்க முடியாது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்குவதற்கு முன் விசாரித்த மற்ற நிறுவனங்களும் இதே ஐந்து சரக்கைத்தான் வைத்திருந்தன: எந்தத் துறை என்று முடிவு செய்ய ஒரு அமர்வு, பர்சனல் ஸ்டேட்மென்ட் திருத்தம், விண்ணப்பிக்க வேண்டிய புரோகிராம்களின் (மருத்துவமனைப் பயிற்சித் திட்டங்களின்) பட்டியல், மாக் இண்டர்வியூ என்ற ஒத்திகை நேர்காணல், கடைசியில் அந்த புரோகிராம்களை விருப்ப வரிசையில் அடுக்கும் ரேங்க் லிஸ்ட் பற்றி ஆலோசனை. பெயர் மாறும், விலை மாறும், சாமான் இதுதான்.

முதலில் துறை அமர்வு. ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அமெரிக்க உரிமத் தேர்வான ஸ்டெப் 2 சிகேவில் மதிப்பெண் என்ன, எந்த வருடம் எம்பிபிஎஸ் முடித்தீர்கள், விசா வேண்டுமா, அமெரிக்க மருத்துவமனை அனுபவம் உண்டா என்று கேட்டார் ஆலோசகர். நான்கையும் எக்செல் ஷீட்டில் தட்டினார். “இன்டர்னல் மெடிசினிலும் ஃபேமிலி மெடிசினிலும் போடுங்கள். பேத்தாலஜி வேண்டுமானால் கூடவே ஒரு இருபது புரோகிராமுக்குப் போட்டுக்கொள்ளலாம்” என்றார். ஊரில் ஒரு கல்லூரியின் பேத்தாலஜி துறையில் டியூட்டராக இருந்துவிட்டு வந்தவள் நான். அதைச் சொன்னபோது, “நல்லது, அது ஒரு பிளஸ்” என்று அதையும் ஷீட்டில் ஒரு கட்டத்தில் போட்டுக்கொண்டார்.

எண்ணிக்கைப்படி அவர் சொன்னது தப்பில்லை. இன்டர்னல் மெடிசினில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேல் இடங்கள் இருக்கின்றன. பேத்தாலஜியில் அறுநூற்றுச் சொச்சம்தான். ஐஎம்ஜிக்கள் அதிகம் சேருவதும் இன்டர்னல் மெடிசினில்தான். ஆனால் இதைச் சொல்ல ஆலோசகர் எதற்கு? மேட்சை நடத்தும் என்ஆர்எம்பி வருடா வருடம் எல்லாப் புள்ளிவிவரத்தையும் இலவசமாக வெளியிடுகிறது. எந்தத் துறையில் எத்தனை இடம், வெளிநாட்டுப் பட்டதாரிகள் எத்தனை பேர் நிரப்பினார்கள் என்று துறைவாரியாகப் பார்க்கலாம். மேட்ச் ஆனவர்கள், ஆகாதவர்கள் என்று பிரித்து மதிப்பெண்களைக் காட்டும் ‘சார்ட்டிங் அவுட்கம்ஸ்’ அறிக்கையும் அங்கேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

துறை அமர்வு என்றால் நான் எதிர்பார்த்தது வேறு. அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் என் சித்தி மகள், அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சியின் ‘கேரியர்ஸ் இன் மெடிசின்’ தளத்தை ஒருமுறை காட்டினாள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கல்லூரி மூலமாகவே அது கிடைத்துவிடுகிறது. அதில் ஒரு கேள்வித்தாள், மதிப்பெண்ணைத் தொடுவதே இல்லை. உனக்குக் கௌரவம் முக்கியமா, சேவையா, யாரும் தலையிடாத சுதந்திரமா, வீட்டு நேரமா, நிர்வாகமா, ஆராய்ச்சியா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறது. அதில் வரும் விடையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கேள்விகள் சரியானவை. 1,850 டாலர் பேக்கேஜில் அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை.

நான் கேட்டிருந்தால் இன்னொன்றும் கேட்டிருப்பேன்: அந்தத் துறையின் சலிப்பான வேலையை உன்னால் செய்ய முடியுமா? எல்லாத் துறையிலும் பளபளப்பான பகுதி பிடிக்கத்தான் செய்யும். பேத்தாலஜியில், திசுவை உறைய வைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் வரும்போது, ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜன் காத்திருக்க, இருபது நிமிடத்துக்குள் விடை சொல்ல வேண்டும். அதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நாள் கிராஸிங் மேஜைதான். பித்தப்பை, குடல்வால், நஞ்சுக்கொடி, மறுபடி பித்தப்பை. ஃபார்மலின் வாடையோடு வெட்டி, அளந்து, டிக்டேட் செய்ய வேண்டும். அப்புறம் பிளட் பேங்க் அழைப்புகள், லேப் நிர்வாகம், பிரேதப் பரிசோதனை. இன்டர்னல் மெடிசினின் சலிப்பு வேறு மாதிரி: டிஸ்சார்ஜ் சம்மரி, இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டு, இரவு முழுக்க அடிக்கும் பேஜர். எனக்குப் பித்தப்பை பரவாயில்லை, பேஜர் ஆகாது. இது தெரிந்ததால்தான் ஆலோசகர் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை. “நோயாளியையே பார்க்காத டாக்டரா?” என்று கேட்ட மாமியாருக்கும் இதே பதில்தான் சொன்னேன். அவருக்கு இன்னும் திருப்தியில்லை.

பல துறைகளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொன்னார்களே, அதிலுள்ள சிக்கலை ஆலோசகர் கடைசி வரை சொல்லவில்லை. ஏஏஎம்சி நடத்தும் ஈராஸ் என்ற இணைய விண்ணப்பத் தளத்தில் பர்சனல் ஸ்டேட்மென்டை ஒவ்வொரு புரோகிராமுக்கும் வேறு வேறாக இணைக்கலாம். பரிந்துரைக் கடிதங்களும் அப்படியே, ஒரு புரோகிராமுக்கு நான்கு வரை. ஆனால் அனுபவங்கள் பகுதி எல்லாருக்கும் ஒன்றுதான். பத்து அனுபவங்கள் வரை போடலாம், அதில் மூன்றை ‘மிக முக்கியமானவை’ என்று குறிக்கலாம். ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் அதை மாற்ற முடியாது. என் மூன்றும் ஸ்லைடும் லேபுமாக இருந்தால், இன்டர்னல் மெடிசின் டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்? பாதிப் பாதியாகக் கலந்தால் இரண்டு பக்கமும் சந்தேகம் வரும். இரட்டை விண்ணப்பமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விசா நெருக்கடியில் இருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு யோசனை சொல்பவர் இந்த விலையையும் சொல்லியிருக்க வேண்டும். நான் பேத்தாலஜி மட்டும் போட்டேன்.

பர்சனல் ஸ்டேட்மென்ட் திருத்தத்துக்கு அரை மார்க். நான் அனுப்பிய வரைவில் இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தந்தார்கள், அது சரி. கூடவே நான் எழுதாத ஒரு முதல் பத்தியும் வந்தது. சின்ன வயதில் தாத்தாவின் நோயைப் பார்த்து நான் மருத்துவராக முடிவெடுத்தேனாம். என் தாத்தா தொண்ணூறு வயது வரை ஆரோக்கியமாக வாழ்ந்தவர். “இது ஒரு மாதிரி ஓப்பனிங், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்” என்றார்கள். ஈராஸில் சமர்ப்பிக்கும்போது, பிறர் உதவியோ ஏஐ கருவியோ பயன்படுத்தியிருந்தாலும் இறுதி வடிவம் என் சொந்த எழுத்துதான் என்று உறுதியளித்துத்தான் பொத்தானை அழுத்துகிறோம். காப்பியடித்ததாகச் சந்தேகம் வந்தால் ஏஏஎம்சி விசாரிக்கும். ஒரே தாத்தா எத்தனை வாடிக்கையாளர்களுக்குச் செத்தாரோ தெரியாது, நான் பத்தியைத் தூக்கிவிட்டேன்.

பரிந்துரைக் கடிதத்தையும் ‘வரைவாக’ எழுதித் தருவதாகக் கூடுதல் கட்டணத்தில் ஒரு சேவை இருந்தது. அதைத் தொடவே இல்லை. கடிதத்தை எழுதுபவரே நேரடியாக ஏஏஎம்சி போர்ட்டலில் ஏற்றுகிறார், அதைப் பார்க்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோம். அப்படியிருக்க அதன் வரைவு என்னிடம் எப்படி இருக்கும்?

புரோகிராம் பட்டியல்தான் பேக்கேஜின் பெரிய சரக்கு என்று விளம்பரம் சொல்லும். வந்தது ஒரு எக்செல் கோப்பு. இரட்டை விண்ணப்பம் என்று அவர்களே முடிவு கட்டி 150 வரிகள் போட்டிருந்தார்கள். ‘ஐஎம்ஜி ஃப்ரெண்ட்லி’ என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம். அமெரிக்க மருத்துவர் சங்கமான ஏஎம்ஏ நடத்தும் ஃப்ரீடா தளத்தில் புரோகிராம்களை நானே தேடி, ஒவ்வொன்றின் சொந்த வலைப்பக்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பச்சை நிறத்தில் இருந்த சில இடங்கள் விசாவே தருவதில்லை. ஒன்றிரண்டு இடங்களில் படிப்பு முடித்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள் வேண்டாம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. சிலவற்றில் ஹெச்-1பி என்று குறித்திருந்தார்கள். அந்த வேலை விசாவுக்கு ஸ்டெப் 3 தேர்வையும் முடித்திருக்க வேண்டும், நான் முடிக்கவில்லை என்பது அவர்கள் ஷீட்டிலேயே இருந்தது.

நீளமான பட்டியல் கொடுப்பதில் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, காசு நம்முடையது. 2025 சீசனில் ஈராஸ் கட்டணம் முதல் 30 புரோகிராம் வரை தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். ஒரே துறையில் 60 புரோகிராம் என்றால் 1,230 டாலர். கணக்கு துறைக்குத் துறை தனியாக ஓடும் என்பதால் இரண்டு துறைகளாகப் பிரித்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் அவர்கள் தந்த 150 வரிகளுக்கும் பணம் கட்டியிருந்தால் பேக்கேஜ் விலையையே தாண்டியிருக்கும். தவறான வரிகளை நீக்கிச் சுருக்கிய பிறகு கைக்கு அடக்கமான ஒரு பட்டியல் வந்தது. அதில் பாதிக்கு மேல் நான் ஃப்ரீடாவில் தேடி எடுத்தவை. ‘ரெசிடென்சி எக்ஸ்ப்ளோரர்’ என்று இன்னொரு இலவசக் கருவி உண்டு. நம் விவரத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு புரோகிராமிலும் முன்பு சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டுக் காட்டும். அந்த நிற எக்செல்லைவிட அது எவ்வளவோ மேல்.

சிக்னல் விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. இப்போது பல துறைகளில் ‘உங்கள் மேல் உண்மையில் ஆர்வமாக இருக்கிறேன்’ என்று குறிப்பிட்ட எண்ணிக்கையிலான புரோகிராம்களுக்குச் சிக்னல் அனுப்பலாம். 2025 சீசனில் இன்டர்னல் மெடிசினில் 3 தங்கம் (மிக அதிக ஆர்வம்), 12 வெள்ளி (அதற்கு அடுத்தது). எலும்பு அறுவையில் 30. எண்ணிக்கை கூடும்போது சிக்னலின் அர்த்தமே மாறிவிடுகிறது என்பதை ஆலோசகர் அழகாக விளக்கினார். முப்பது சிக்னல் இருக்கும் துறையில் சிக்னல் அனுப்பாத இடத்திலிருந்து அழைப்பு வருவது அரிது, கொஞ்சமே இருக்கும் துறையில் மற்ற இடங்களும் திறந்தே இருக்கும். கை எட்டாத பெரிய பெயர்களில் எல்லாவற்றையும் வீணாக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சம் பிரித்துப் போடுங்கள் என்றதும் சரியான யோசனை.

இடையில் ஒரு கூத்து. “முதல் நாளே சமர்ப்பியுங்கள், தாமதித்தால் வாய்ப்பு போய்விடும், விரைவுத் திருத்தத்துக்கு மட்டும் 150 டாலர்” என்று செப்டம்பர் தொடக்கத்தில் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். அந்த சீசனில் செப்டம்பர் 4 முதல் சமர்ப்பிக்கலாம். புரோகிராம்கள் திறந்து பார்ப்பது செப்டம்பர் 25 அன்று. நடுவில் எந்த நாளில் சமர்ப்பித்தாலும் எல்லா விண்ணப்பமும் ஒரே தேதியில்தான் அவர்களுக்குத் தெரியும். 25-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பதிலெழுதி இதைச் சுட்டிக்காட்டினேன். “பொதுவான அறிவுரைதான்” என்றார்கள். விரைவுத் திருத்தம் என்னவோ அதே வேகத்தில்தான் நடந்தது என்று அதற்குக் காசு கட்டிய தோழி சொன்னாள்.

இனி நல்லது. மாக் இண்டர்வியூ.

பேக்கேஜில் இரண்டு அமர்வுகள். முதலில் வந்தவர் இன்டர்னல் மெடிசினில் சீஃப் ரெசிடென்டாக இருந்தவர். பொதுக் கேள்விகள், கேமரா உயரம், வெளிச்சம், பதிலின் நீளம் என்று உபயோகமாகவே இருந்தது. 2020-க்குப் பிறகு பெரும்பாலான இண்டர்வியூக்கள் கணினித் திரையில் நடப்பதால் இந்தச் சின்ன விஷயங்கள் சின்ன விஷயங்கள் இல்லை. ஆனாலும் பேத்தாலஜிக்காரர் வேண்டும் என்று அடம்பிடித்தேன். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். பணியிலிருக்கும் ஒரு பேத்தாலஜிஸ்ட், சிரிக்கவே சிரிக்காத ஒரு பெண்மணி.

“ஏன் பேத்தாலஜி?” என்றார். தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்: காட்சி வழியாகச் சிந்திப்பது பிடிக்கும், நோயின் அடிப்படையை அறிவது பிடிக்கும், இத்யாதி. முடிக்கவிட்டார். பிறகு, “இதை இன்று காலையிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். உங்களால் மறக்க முடியாத ஒரு ஸ்லைடைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்.

ஊரில் பார்த்த ஒரு கேஸைச் சொன்னேன். இருபதுகளில் ஒரு பெண், கழுத்தில் நெறிக்கட்டி, காய்ச்சல். நம் ஊரில் கழுத்து நெறிக்கட்டி என்றாலே முதலில் டிபிதான் நினைவுக்கு வரும். பயாப்ஸி வருவதற்குள் டிபி மாத்திரை தொடங்கியாயிற்று. ஸ்லைடில் நெக்ரோசிஸ் (செத்த திசு) இருந்தது, அணுக்கரு சிதைந்த துகள்கள் இருந்தன, ஆனால் டிபியில் வழக்கமாகத் தெரியும் கிரானுலோமா இல்லை, நியூட்ரோஃபில் இல்லை. ஹிஸ்டியோசைட்டுகள் பிறை வடிவ அணுக்கருவோடு நின்றன. கிக்குச்சி நோய். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். லிம்ஃபோமா என்ற புற்றுநோயோ என்ற பயமும் போய், மாத்திரையும் நின்றது. அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததே இல்லை.

அவர் அதைக் கேட்டுவிட்டு, “இதை முதலில் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்” என்றார். லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயில் வரும் நெறிக்கட்டியும் இதே மாதிரி இருக்குமே, எப்படிப் பிரித்தீர்கள் என்று மடக்கினார். இரண்டு நிமிடம் திணறினேன். ஒரு மாதம் கழித்து உண்மையான இண்டர்வியூ ஒன்றில் அதே கேள்வி வந்தது, திணறவில்லை. வேறு எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொல்லச் சொல்லியோ, எங்களை எத்தனையாவதாக வைப்பாய் என்றோ புரோகிராம்கள் கேட்பது மேட்ச் ஒப்பந்தப்படி கூடாது, கேட்டால் முகம் கோணாமல் எப்படி நழுவுவது என்பதையும் அவர்தான் பயிற்சி கொடுத்தார். முழுப் பேக்கேஜிலும் நான் திரும்பக் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பது அந்த ஐம்பது நிமிடத்தைத்தான்.

கடைசிச் சரக்கு ரேங்க் லிஸ்ட் ஆலோசனை. இதை விற்கவே கூடாது. இண்டர்வியூ எல்லாம் முடிந்த பிறகு, எந்த வரிசையில் புரோகிராம்களை வைப்பது என்று ‘வியூகம்’ சொல்லித் தருகிறார்களாம். “யார் உங்களுக்கு அன்பாக மெயில் போட்டார்களோ அவர்களை மேலே வையுங்கள், எட்டாத இடத்தை மேலே வைத்து முதல் ரேங்கை வீணாக்காதீர்கள்” என்றார்கள். இது அப்பட்டமான தப்பு. மேட்ச் அல்காரிதம் விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. முதலில் உங்கள் முதல் விருப்பத்தில் முயலும். அந்த புரோகிராம் உங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், தன் பட்டியலில் உங்களுக்கு மேலே இருப்பவர்களால் இடம் நிரம்பினால் விட்டுவிடும். அப்போது அடுத்த விருப்பத்தில் முயலும். அந்த புரோகிராமின் பட்டியலில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒருவர் அங்கே முன்பே உட்கார்ந்திருந்தாலும் அவர் எழுந்துதான் ஆக வேண்டும். எட்டாத இடத்தை முதலில் வைத்ததால் இரண்டாவது இடம் கை நழுவாது. உண்மையான விருப்பத்தின் வரிசையே சிறந்த வரிசை, அதற்கு மேல் வியூகம் என்று ஒன்று கிடையாது.

இது ரகசியமும் இல்லை. ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் வடிவமைத்த இந்த முறை 1998 மேட்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. இந்த மாதிரிப் பொருத்தங்கள் பற்றிய வேலைக்காக ராத்துக்கும் லாயிட் ஷேப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. என்ஆர்எம்பி தளத்தில் இதை விளக்கும் வீடியோ இலவசமாக இருக்கிறது. நோபல் வாங்கியவர் வேலையை எக்செல் ஷீட் வைத்துத் திருத்துகிறார்கள். நான் அந்த அமர்வைப் பாதியில் முடித்துக்கொண்டு, எனக்குப் பிடித்த வரிசையிலேயே வைத்தேன்.

விளம்பரத்தில் போடும் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீத வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மேட்சில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐஎம்ஜிக்களில் முதல் வருட இடத்துக்கு மேட்ச் ஆனவர்கள் 58.5 சதவீதம். தொண்ணூறு எங்கிருந்து வருகிறது? மதிப்பெண் குறைந்தவர்களைப் பெரிய பேக்கேஜுக்கு எடுப்பதில்லை என்று விற்பனைப் பேச்சிலேயே சொன்னார்கள். சீசன் முடிந்ததும் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்புகிறார்கள், மேட்ச் ஆகாதவர்கள் அதை நிரப்பிக்கொண்டா இருப்பார்கள்?

பணம் திரும்பக் கேட்டால், முதல் அமர்வு நடந்துவிட்டால் எதுவும் கிடையாது என்று விதியில் இருக்கிறது. பேக்கேஜ் வேண்டாம், மாக் இண்டர்வியூ மட்டும் போதும் என்றால் தனியாக 220 டாலருக்குத் தருகிறார்கள். முகப்புப் பக்கத்தில் அது தெரியாது, மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும். கேட்கும்போதே உங்கள் துறைக்காரர்தான் வேண்டும் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் யார் சும்மா இருக்கிறாரோ அவரை உட்கார வைத்துவிடுவார்கள். இண்டர்வியூ அழைப்புகள் வரத் தொடங்கும் அக்டோபரில் நல்லவர்களின் நேரம் நிரம்பிவிடுகிறது. செப்டம்பரிலேயே தேதி வாங்கி வைப்பது உத்தமம்.